உலகம் முடிந்த இடத்தில் ஒன்றரை ஷிப்ட்

கம்பெனி வேன் அன்றைக்கு இடதுபக்கம் திரும்பவில்லை.
நேரே அணைக்கட்டுக்குப் போனது.
ஒன்றரை ஷிப்ட் கூலி, மதியம் பிரியாணி.
வேலை: உலகம் அழிந்தபின் மிச்சமிருப்பது.
ஆர்டர் இல்லாத மாசம் அது.
யார் கேட்டிருந்தாலும் மிச்சமிருந்திருப்போம்.

வருஷம் இரண்டாயிரத்து நூற்று நாற்பது என்றான்
இடுப்பில் வாக்கிடாக்கி செருகிய பையன்.
தண்ணி தீந்துபோச்சு. மழைங்கற வார்த்தையே
யாருக்கும் தெரியாது. புரியுதாக்கா?
புரியுதுங்க, என்றாள் சம்பூரணம்.
அவள் தோட்டத்துக் கிணற்றில் தண்ணி தளும்புது.
மாடு வாய் வைக்காது.
தென்னை குடித்துப் பார்த்துச் செத்தது.

முதல் வேலை, பச்சையைப் பிடுங்குவது.
இந்தக் கதையில் செடியே கிடையாதாம்.
நொய்யல் காய்ந்து வெடித்த சேற்றில்
வரிசையாய்க் குனிந்தோம்:
எருக்கு, ஊமத்தை, சீமைக் கருவேலங்கன்று,
அப்புறம் பேர் தெரியாத ஒரு கொடி, பிடுங்கப் பிடுங்க நீண்டது.
பனியனில் பிசிறு விடாமல் வெட்டிப் பழகிய பிள்ளைகள்தான்.
ஆனாலும் கேமரா வைத்ததும்
யாருப்பா அங்க பச்சை, என்று மைக் கத்தும்.
முப்பது வருஷச் சாயம் குடித்த மண்.
இன்னும் எதை முளைக்க வைக்கும் என்று அதுக்கே ரோசனை இல்லை.

பத்து மணிக்குக் குடை பிடித்து இறக்கினார்கள்,
கோயமுத்தூர் நர்சரியிலிருந்து ஒரு செடி.
உலகத்தின் கடைசிச் செடி அதுதானாம்.
அதுக்கு ரெண்டு ஆள்,
இலையில் தெளிக்கக் கேன் தண்ணி.
தொட்டியை மண்ணில் மறைத்துவிட்டு
எங்கள் முகத்தில் சாம்பல் பூசினார்கள்.

இப்ப எல்லாரும் அதை நம்பிக்கையோட பாருங்க.

எப்படிப் பாக்கறதுங்க, என்று கேட்டுவிட்டேன்.
பையன் முழித்தான். டைரக்டரிடம் ஓடித் திரும்பினான்.
மெதுவாத் தலையைத் தூக்கணும்.
வாய் லேசாத் தொறந்திருக்கணும்.
கண்ணுல தண்ணி வந்தா நல்லது,
வராட்டி மருந்து இருக்குது.

மூணு தடவை தூக்கினோம்.
வெயில்தான் வந்தது.

நாலாவது தடவை, கிழிந்த கோணிக்குள்
தேபேனின் போன் அதிர்ந்தது.
ஒடிசாப் பையன், ஓவர்லாக் மெஷின்.
தலையைக் குனிந்து படித்தான், பக்கத்தில் சொன்னான்,
வரிசை நெடுக அது வாய்க்கு வாய் போனது:
திங்கக்கிழமை கம்பெனி திறக்குது.
எண்பதாயிரம் பீஸ், பாட்டில் கிரீன்.

ஒவ்வொரு தலையாய் நிமிர்ந்தது.
வாய் லேசாய்த் திறந்திருந்தது.
மருந்து யாருக்கும் தேவைப்படவில்லை.
கட், என்றார் டைரக்டர். அவருக்கே குரல் தழுதழுத்தது.

*

படம் வந்ததும் ஊத்துக்குளியில் செகண்ட் ஷோ போனோம்.
நாங்கள் அறுபது பேர் திரையில் ஆறாயிரம்.
தேபேன் மூன்று இடத்தில் செத்தான்,
நாலாவது சீட்டில் முறுக்குத் தின்றபடி அதைப் பார்த்தான்.
அந்தக் காட்சி வந்தபோது
பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.
சம்பூரணம் என் காதில்,
ஆர்டர் வந்த மூஞ்சியாட்டவே இருக்குதடி, என்றாள்.
சிரித்தோம். அப்புறம் சித்த நேரம் சிரிப்பு வரவில்லை.
அந்தப் பச்சையும் நொய்யலில்தான் போயிருக்கும்.

நர்சரிச் செடியை அவர்கள் திரும்ப எடுத்துப்போகவில்லை என்று
கேள்வி. போய்ப் பார்க்க லீவு கிடைக்கவில்லை.

ஆனால் ஒன்று. பதினோரு வருஷமாய்ச் செக்கிங் டேபிள்,
ஓட்டை, கறை, விட்டுப்போன தையல்
எதுவும் இந்தக் கண்ணுக்குத் தப்பாது.
திரையில் என் தோளுக்குப் பின்னால்,
கோணியின் கிழிசல் ஓரமாய்,
ரெண்டு இலை.
எருக்குத்தான்.
கம்ப்யூட்டரில் அழிக்க மறந்திருக்கிறார்கள்.
பீஸில் இப்படி ஒன்று வந்தால்
சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிடுவேன்.

யாரிடமும் சொல்லவில்லை.
தேபேனிடம் ஒரு முறுக்கு வாங்கிக்கொண்டேன்.